தர்மி துடைத்த கண்

பிளித்தார் ஊரில் எந்தக் குழந்தையின் கால் முதன்முதலாக மண்ணில் பட்டாலும் அங்கே தர்மி கேமராவோடு நிற்பாள். இருபத்திரண்டு வருடத் தொழில். ஃபிளாஷ் வெளிச்சத்தில் குழந்தைகளின் கண் சிவப்பாக விழும். அதைக் கம்ப்யூட்டரில் கறுப்பாக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிவந்த கண்ணைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "புள்ளைய எடுத்தேனா, பிசாசை எடுத்தேனா?" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பாள். அந்தக் கைத்திறமைதான் வினையாகிப்போனது.

பக்கத்துத் தெரு யூனியின் மகள் ராத்ரிக்கு எட்டாம் மாதத்தில் மண் மிதிக்கும் சடங்கு. ஏழு நிறப் பசையரிசிக் கட்டிகளை மிதிக்க வைத்து, கரும்பு ஏணியில் ஏற்றி இறக்கி, கோழிக்கூண்டுக்குள் உட்காரவைத்து, எதை எடுக்கிறாள் என்று பார்க்கச் சுற்றிலும் பொருள்களைப் பரப்பினார்கள். ராத்ரி வலப்பக்கம் கிடந்த சீப்பை எடுத்தாள். இடப்பக்கத்துத் தங்க வளையல் பக்கம் திரும்பவே இல்லை.

"நகை வேணாமாம்! அப்பனுக்குச் செலவு மிச்சம்," என்றாள் யூனியின் மாமியார் சுமார்னி. எல்லோரும் சிரித்தார்கள். தர்மியும்தான்.

மாலையில் படங்களைத் திறந்தால் ராத்ரியின் வலக்கண் சிவப்பு, இடக்கண் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. ஒரு படத்தில் அல்ல, பதினாறு படங்களில். தர்மி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். லென்ஸ் கோளாறு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வலக்கண்ணைக் கறுப்பாக்கி, அதையே நகலெடுத்து இடக்கண்ணின் மேல் ஒட்டினாள். சட்டம் போட்ட படம் யூனி வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏறியது.

இரண்டு மாதத்தில் ராத்ரியின் இடக்கண் மூக்குப் பக்கம் சாய்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் பூனைக் கண்ணாக மினுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யூனி அழுதாள். மாமியார் சுவரைக் காட்டினாள்.

"படத்தைப் பாரு, ரெண்டு கண்ணும் எவ்வளவு லட்சணமா இருக்கு! இப்ப ஏதோ தூசி விழுந்திருக்கு. வெத்தலைத் தண்ணி விட்டா போயிரும்."

வெற்றிலைத் தண்ணீரிலேயே இன்னும் இரண்டு மாதம் போயிற்று.

முதல் பிறந்தநாள் படத்துக்கு யூனி குழந்தையோடு கடைக்கு வந்தாள். ஃபிளாஷ் அடித்தது. மறுபடி அதே வெள்ளை. இது புதுக் கேமரா. லென்ஸ் கோளாறு இல்லை என்று தர்மிக்குத் தெரிந்துபோனது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குழந்தைக்குக் கண் போய்விடும். பழைய பதினாறு படங்களையும் திறந்தாள்.

"யூனி, இங்க வா. உன் வீட்டுச் சுவத்துல இருக்கறது ராத்ரி கண்ணு இல்ல. நான் ஒட்டுனது. அன்னிக்கு விழுந்தது இதுதான்."

"அன்னிக்கே பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன்."

யூனி திட்டவில்லை. திட்டியிருந்தால் தர்மிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மாமியாரிடம்கூடச் சொல்லாமல் அன்றே சுரபாயா பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

கண்ணுக்குள் புற்றுக்கட்டி. எடுக்காமல் விட்டால் மூளைக்கு ஏறும் என்று இடக்கண்ணை எடுத்துவிட்டார்கள். முன்பே வந்திருந்தால் காப்பாற்றிப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். வலக்கண் ஓரத்திலும் கடுகளவு ஒன்று இருந்தது. அதை லேசரால் சுட்டார்கள். மறுபடி வராது என்று அவர் சொல்லவில்லை. ஃபிளாஷில் சிவந்தால் ஓரளவு நிம்மதி, வெள்ளை விழுந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்றுதான் சொன்னார்.

இப்போது மாதாமாதம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பு, யூனி கடைக்கு வருகிறாள்.

"ஃபிளாஷ் போட்டு எடுங்க. ஒண்ணையும் தொடாதீங்க."

இன்றும் தர்மி எடுத்தாள். திரையை நெருங்கிப் பார்த்தாள். இடப்பக்கம் பொருத்திய செயற்கைக் கண் சும்மா கிடந்தது. வலக்கண் சிவந்திருந்தது.

"சிவப்புதான், யூனி. நல்ல சிவப்பு."

"இந்த மாசம்," என்றாள் யூனி.