கோக்கி டாமின் தந்தி

தேயிலைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்த வின்ச் பாதியில் நின்றுவிட்டது. நான் திருகோணமலைத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் பெட்டிகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. நிமிர்ந்து பார்த்தால், வின்ச்சைக் கவனிக்கவேண்டிய மாலுமித் தலைவர் போசன், அந்த இங்கிலாந்துக் கப்பலில் சமைக்கும் கோக்கி டாமோடு வாய்ச்சண்டையில் நிற்கிறார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்துவிட்ட இங்கிலாந்து, அதில் இருப்பதா விலகுவதா என்று சனத்திடமே வாக்குக் கேட்கப்போகிறதாம். சண்டை அதைப் பற்றித்தான். போசனும் டாமும் ஒரே கட்சிக்காரர்கள். அந்தக் கட்சித் தலைவர்களோ ஆளுக்கொரு பக்கம் நின்று மேடையில் மோதுகிறார்களாம். எங்கள் பக்கத்தில் கட்சிக்கு எதிராக வாய் திறந்தவன் மறுநாளே வெளியில் நிற்பான். இது என்ன அதிசயமென்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டபடி நின்றேன். அவர்கள் பேசியது இங்கிலீஷ். என் ஞாபகத்தில் நிற்பது எங்கள் பேச்சில்தான்.

"உள்ளுக்க இருந்தா வெண்ணெய் விலை ஏறும். இந்தத் தேயிலைக்கும் வரி போடுவாங்கள்," என்ற போசன் என் பக்கம் திரும்பினார். "டாலி, உன்ர வேலையும் போகும், பாத்துக்கொள்!"

வேலை போனால் என்ன செய்வது? பிள்ளைகுட்டிக்காரன் நான். எங்கேயோ ஒரு நாட்டு மேடையில் என் பெட்டிகளைப் பற்றிக் கதைக்கிறார்களே என்று மலைப்பாகவும் இருந்தது.

மத்தியானம் டாம் என்னிடம் வந்தார். "நிலாவெளி வீதிச் சவக்காலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவியா? என்ர தம்பி அங்கதான் கிடக்கிறான்."

யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்டபோது செத்த கடற்படைப் பொடியன். வரிசை வரிசையாக நின்ற கற்களில் தம்பியின் பெயரைத் தேடிப் பிடித்ததும் டாம் தொப்பியைக் கழற்றினார்.

"நான் கடலில எண்டதால எனக்குப் பதிலா மனிசிதான் வாக்குப் போடுவாள். எந்தப் பக்கமெண்டு நான் அறிவிக்கோணும். ரெண்டு பக்கத்தாரும் வெண்ணெய், தேயிலை எண்டுதான் கதைக்கிறாங்கள். இவனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல."

"குண்டு போட்ட அண்டைக்கு எங்கட வாப்பாவும் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர்," என்றேன். "கிண்ணியா மையவாடியில அடக்கினது. கல்லொண்டும் இல்ல."

டாம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நாடுகள் ஒரு மேசையில இருந்து விலைக்குச் சண்டை பிடிக்கட்டும். எவ்வளவெண்டாலும் பிடிக்கட்டும். குண்டுக்குப் போகாட்டிச் சரி."

இராச்சாப்பாடு சமைக்க அவர் கப்பலுக்குத் திரும்பவேண்டும். மனைவிக்கான தந்தியை என்னிடம் ஒப்படைத்தார். விலாசத்துக்குக் கீழே ஒரேயொரு சொல்: யெஸ். சந்தையிலேயே இருப்போம் என்று அர்த்தம்.

தபால் கந்தோரில் எனக்குக் கால் தயங்கியது. போசன் சொன்னது உண்மையென்றால் என் பிழைப்புக்கு வேட்டு வைக்கும் வாக்கை என் கையாலேயே அனுப்பப்போகிறேன். நோ என்று மாற்றி எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

"என்ன காக்கா, குடுக்கிறீங்களா இல்லையா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் கவுண்டரில் இருந்தவர்.

சவக்காலையில் நின்ற மனிதனின் முகம் கண்ணுக்குள் வந்தது. கொடுத்தேன். திருகோணமலையிலிருந்து ஒரு சொல் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்து வாக்குப்பெட்டிக்குள் விழப்போகிறது என்று நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இங்கிலாந்து சந்தையிலேயே இருந்தது. தேயிலையும் போய்க்கொண்டுதான் இருந்தது. என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கட்சிகள் கதைப்பதைக் கேளுங்கள், கதைக்காமல் விடுவதையும் கவனியுங்கள்.

அதுவரை எங்கள் குடும்பத்தில் மாமா கைகாட்டும் சின்னத்துக்கே எல்லோரும் புள்ளடி போடுவோம். அடுத்த பொதுத் தேர்தல் அன்று காலையில் மாமா ஆளனுப்பினார். "பிறகு வாறன் எண்டு சொல்லுங்க," என்றுவிட்டு மையவாடிக்குப் போனேன். வாப்பாவைப் போல வேலைக்குப் போய்ச் செத்தவர்களைப் பற்றி எந்த மேடையில் யார் கதைத்தார்கள் என்று அங்கே நின்று யோசித்தேன். பிறகு தனியாகப் போய்ப் புள்ளடி போட்டேன்.

எந்தச் சின்னத்துக்கு என்று மாமா கண்மூடி மௌத்தாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.