கலியாணத்துக்குக் கொடுக்காத பன்னீர்

எங்கள் வீட்டில் பன்னீர் காய்ச்சியது அழகுக்காக அல்ல. இதை இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோபமில்லாமல் சொல்ல இன்னும் வரவில்லை.

யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்த பிறகு எங்கள் ஊர் அரியாலையில் நல்ல சவர்க்காரம் கண்ணில் படுவதே அபூர்வம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். யார் யாரோ வீட்டில் காய்ச்சி விற்ற கட்டிகளை உடம்புக்குப் போட்டோம். அதில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ, அக்காவின் இரண்டு கன்னங்களிலும் கழுத்திலும் கரப்பன் படர்ந்தது. தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. வியர்வை பட்டால் துடித்துப் போவாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளின் பக்கம் திரும்பவே கூசுகிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பூசுமருந்து இல்லை. "வந்தாத் தாறம், பிள்ளை. அதுவரைக்கும் உந்தச் சவுக்காரத்தைப் போடாதேங்கோ. குளிர்ச்சியா ஏதும் பூசிப் பாருங்கோ" என்று டொக்டர் அனுப்பிவிட்டார்.

கிணற்றடியில் எங்களுக்கு இரண்டு பன்னீர் றோசாச் செடிகள் நின்றன. விடிய வெயில் ஏற முன்னம் பூக்களைப் பறித்து இதழ்களை அலசுவேன். பெரிய அலுமினியப் பானைக்குள் நடுவில் ஒரு கல், கல்லைச் சுற்றி இதழும் தண்ணீரும், கல்லின் மேல் ஒரு கிண்ணம். மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் குழியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவேன். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்துக்குள் விழும். மூடித் தண்ணீர் சூடேறச் சூடேற மாற்ற வேண்டும். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் தீய்ந்த மணம் வந்துவிடும். முதல் தரம் எனக்குத் தீய்ந்துதான் போனது. மெல்லிய சீலைத்துண்டை அதில் நனைத்து அக்காவின் கன்னத்தில் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்பாள். கரப்பன் மாறவில்லை. எரிவு அடங்கியது. அது போதாதா?

போதாது என்று முதலில் சொன்னவர் அப்பாவின் தமக்கை. பக்கத்து ஒழுங்கையில் இருந்த மாமி. ஒருநாள் நேரே குசினிக்குள் வந்து பானையை எட்டிப் பார்த்தார்.

"உதென்ன கூத்து? சனம் பசிக்குப் பாண் வாங்க வரிசையிலை நிக்குது. இஞ்சை குமருகளுக்கு முகம் மினுக்கப் பன்னீரோ?"

"மாமி, அக்காவுக்குக் கரப்பன்..."

"கரப்பனுக்கு வேப்பிலை இருக்கு. உது மினுக்கத்தான்."

வேப்பிலை அரைத்துப் பூசி அக்கா பட்ட பாட்டைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டார். போனவர் ஊரெல்லாம் சொன்னார். கோயிலிலும் சங்கக் கடையிலும் பெண்கள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலிக்கு மருந்து தேடியவள் மினுக்குகிறவளாகிவிட்டாள்.

சில மாதங்களில் மாமியின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. வாசலில் தெளிக்கக் கடையில் பன்னீர்ப் போத்தல் கிடைக்கவில்லை. அதே மாமி வந்து எங்கள் கதிரையில் இருந்தார். குரலில் சீனி.

"பிள்ளை, ரண்டு போத்தல் காய்ச்சித் தருவியே? மாப்பிள்ளை பகுதி பெரிய ஆக்கள். வெறுந் தண்ணி தெளிக்கேலாது."

"ஓம் மாமி, தாறன்" என்றேன். சொந்த மச்சாளின் கலியாணம் அல்லவா?

மாமி எழும்பிப் படியிறங்கும்போதுதான் அம்மாவிடம் மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னாலும் உள்ளே அக்காவுக்குக் கேட்டது. "மச்சாள், குறை நினையாதேங்கோ. மூத்தவள் அண்டைக்கு முன்னுக்கு வந்து நிக்க வேண்டாம். உந்த முகத்தைக் கண்டா ஆக்கள் ஏதும் நினைப்பினம். பின்னுக்குச் சமையல் பக்கம் நிக்கட்டும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அங்கேதான் இருந்தார். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

நான் வாய் திறக்க முன்னம் அக்கா வெளியே வந்துவிட்டாள்.

"மாமி, பன்னீர் தாறம். ஆனா வாசல்லை நான்தான் நிண்டு தெளிப்பன்."

"நல்ல காரியத்திலை விசர்க்கதை கதையாதை, பிள்ளை."

"அப்ப பன்னீரும் இல்லை."

அக்காவின் குரல் உயரவேயில்லை. வகுப்பில் விடை பிழை என்று சொல்வதுபோலச் சொன்னாள். மாமி அப்பாவைப் பார்த்தார். "தம்பி, உன்ரை மகள் கதைக்கிறதைக் கேட்டியே?" அப்பா பெடலைச் சுற்றிச் செயின் ஓடுகிறதா என்று பார்த்தார். மாமி படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

கலியாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் மட்டும் போனார்கள். வாசலில் சந்தனம் கரைத்த தண்ணீரைத் தெளித்தார்களாம். மாப்பிள்ளை பகுதி ஒன்றும் சொல்லவில்லையாம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதானே. திரும்பி வந்த அப்பா சேட்டைக் கழற்றிக்கொண்டே, "ரண்டு போத்தல் தண்ணியைக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்றார்.

தண்ணி! மாமி சொன்னதை நான் எப்போதோ மறந்திருப்பேன். மகளைப் பின்னுக்கு நிற்கச் சொன்னபோது வராத வாய், போத்தலுக்காக வந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்கடை பிள்ளையைத்தானே அப்பா அவ ஒளிச்சு வைக்கச் சொன்னவ?" என்று கத்தினேன். அவர் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் பூசுமருந்து வந்து அக்காவின் கரப்பன் மாறியது. மாமி ஒரு செத்த வீட்டில் அவளைக் கண்டு, "இப்ப நல்ல வடிவாய் இருக்கிறாய்" என்று கன்னத்தைத் தொடக் கை நீட்டினாராம். அக்கா முகத்தை விலக்கிக்கொண்டாளாம்.