சீரோடு வந்த ஜோடிக்கோழி

போன வாரம் பூலாம்பாடிக்குப் போய் என் ஓரகத்தி தனலட்சுமியைக் கூட்டிக்கிட்டு வந்தோம்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன புதுப்பொண்ணு. ஆவணி பொறந்ததுமே போய் அழைச்சிருக்கணும். நாங்க போனப்போ ஆவணியே முடியப் போகுது! பெரம்பலூர் வர்ற வரைக்கும் பஸ் ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தா. கையில ஒரு துணிப்பை... அவ்வளவுதான். மறுவீடு முடிஞ்சப்போ கொண்டுவந்த மாதிரி கோழிக்கூடை இல்லை.

ஏன் இத்தனை தாமதம்னு கேக்குறீங்களா? எல்லாம் அந்தக் கூடையாலதான்.

வைகாசியில மறுவீடு முடிஞ்சு வரும்போது, அவங்கப்பா சீரோட சீரா சேவலும் பொட்டையுமா ஒரு ஜோடி குடுத்து அனுப்பியிருந்தாரு. என் மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையோட கூடையைத் திறக்கப் போனாங்க.

"அத்தே, அப்பா சந்தையில வாங்குன கோழிங்க. கொஞ்ச நாளு பஞ்சாரக் கூடையில தனியா கவுத்து வைப்பமா?"ன்னு தனம்தான் மெதுவா கேட்டா.

"நல்லாருக்கே! சம்பந்தி வூட்டுக் கோழிய ஒதுக்கி வச்சா ஊரு சிரிக்காதா? நீ என்ன எங்க வூட்ல தனியாவா இருக்கப் போற? உங்கூட வந்தது மட்டும் ஏன் தனியா இருக்கணும்?"

பாசத்துலதான் சொல்லி, எங்க கோழிங்களோடயே அவுத்து விட்டாங்க. நான் சாட்சி.

கொஞ்ச நாள்ல எங்க கோழிங்க தூங்க ஆரம்பிச்சுது. இறக்கை தொங்கிப்போச்சு, கழுத்து திருகிக்கிச்சு, வெள்ளையா கழிச்சல். காலையில கூண்டைத் திறந்தா விறைச்சுக் கிடக்கும். மஞ்சத்தண்ணி, சின்ன வெங்காயம், வேப்பிலை — எதுக்கும் நிக்கலை. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் போச்சு. அதை மடியில போட்டுக்கிட்டு அத்தை அழுதாங்க. முட்டை வித்துத்தான் அவங்க கைச்செலவே.

கடைசியில சீரா வந்த ஜோடி மட்டும் மிஞ்சுச்சு. எதுவுமே நடக்காத மாதிரி குப்பையைக் கிளறிக்கிட்டு நின்னுச்சு.

அதுதான் வினையாப் போச்சு.

"வந்த காலு சரியில்லடி! அத்தனையும் மண்ணாப் போச்சு, அவ கோழிக்கு மட்டும் ஒண்ணும் ஆவல பாத்தியா?"ன்னு அத்தை என்கிட்ட ஆரம்பிச்சாங்க.

என் கொழுந்தன், அதான் தனத்தோட வீட்டுக்காரர், செத்த கோழி ஒண்ணை எடுத்துக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாரு. வெள்ளைக்கழிச்சலாம். சீக்கு வந்து பிழைச்ச கோழி பார்க்க நல்லாத்தான் இருக்கும், மத்ததுக்குக் கொடுத்துடும். புதுக்கோழின்னா ரெண்டு மூணு வாரமாவது தனியா வைங்க, தடுப்பூசி போடுங்கன்னாராம் டாக்டர்.

"டாக்டருக்குக் கோழியப் பத்தித் தெரியும். காலடியப் பத்தி என்னடா தெரியும்?" — அத்தை ஒரே போடா போட்டாங்க.

ஆடிக்கு அனுப்பினவளை அழைக்கச் சொன்னா, "நாளு பாக்கணும்... நாளு பாக்கணும்..."னே அத்தை இழுத்தாங்க. கடைசியில கொழுந்தன், "நீ பாத்துக்கிட்டே இரும்மா. நான் மாமனார் வூட்லயே தங்கிக்கிறேன்"னு சட்டையை மாட்டிக்கிட்டு கிளம்பினப்புறம்தான் நாளே கிடைச்சுது!

நான் வெள்ளி செவ்வாய் தவறாம விளக்கேத்துறவ. அதிகம் படிக்கலை. ஆனா நீங்களே சொல்லுங்க — ஒரு பொண்ணோட காலுல சீக்கைக் கட்டி அனுப்புறவளா நாம கும்பிடுற ஆத்தா?

பஸ்ஸுல பாதி வழியில தனம் கேட்டா. "அக்கா, அந்த ரெண்டு கோழியும் செத்துருந்தா, என்னைய அப்பவே அழைச்சிருப்பீங்கல்ல?"

நான் டிக்கெட்டைத் தேடுற மாதிரி பைக்குள்ள கையை விட்டேன். வேற என்ன செய்ய?

வீட்டுக்கு வந்தா அந்த ஜோடி இல்லை. அத்தை சந்தையில வித்துட்டாங்க. எந்த வீட்டுக்குப் போச்சோ... எந்தப் பொண்ணோட சீருல போச்சோ... கொல்லையில, புதுசா வாங்கின பொட்டைக்குஞ்சு ஒண்ணு பஞ்சாரத்துக்குள்ள தனியா இருந்துச்சு. அப்பாடா, டாக்டர் பேச்சைக் கேட்டுட்டாங்கன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

சாயந்திரம் தனம் விளக்கேத்தப் போனா. "அவ வேணாம், நீ ஏத்து"ன்னு அத்தை தீப்பெட்டியை வாங்கி என் கையில குடுத்தாங்க. கூண்டுப் பக்கமும் அவ போகக் கூடாதாம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம், அடுப்படி மூலையில தனியா உக்காந்து சாப்பிட்டா.

பஞ்சாரத்துல இருக்கிற குஞ்சுக்கு ரெண்டு மூணு வாரம்னு டாக்டர் சொல்லிட்டாரு. தனத்துக்கு எத்தனை வாரம்னு யாரைக் கேக்குறது?