முப்பதும் ஐம்பதும்

தெர்மாகோல் அறுத்து முடித்ததும் கோதண்டராமன் உடனே எழுந்துவிட மாட்டார். முன்கையை வெளிச்சத்தில் நீட்டி, முடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை உருண்டைகளை ஒவ்வொன்றாக ஊதுவார். தட்டினால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஊதினால்தான் போகும்.

திருவண்ணாமலையில் கல்யாண மேடைகளுக்குப் பெயரும் மயிலும் வெட்டித் தருவது அவர் தொழில். எழுதிக்கொடுக்கும் பெயரில் பிழை இருந்தால் கேட்க மாட்டார், தாமே திருத்தி வெட்டிவிடுவார். கேட்டால் கல்யாண வீட்டாருக்குச் சங்கடம் என்பார்.

அடி அண்ணாமலைப் பெண் கவியா கல்லூரியில் நுண்ணுயிரியல் படிப்பவள். பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் மாதிரியைச் செய்யச் சொன்னாள். கடைசி வருட மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். சின்னப் பாகம் மரபுச் செய்தி எழுதிய இழையைப் பிடித்து மும்மூன்று எழுத்தாகப் படிக்கும், பெரிய பாகம் அதற்கேற்ற அமினோ அமிலங்களைக் கோக்கும், கோத்த சங்கிலி ஒரு சுரங்கம் வழியே வெளியே வந்து புரதமாக மடியும் என்றாள். சுரங்கம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. வளைத்துக் குடைந்து, அதில் கலர் மணிச்சரம் விட்டார். சின்னதில் 30, பெரியதில் 50, அடிப்பலகையில் 70 என்று ஒட்டச் சொல்லியிருந்தாள்.

தேர்வாளர் வரும் காலையில் கல்லூரியிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, பலகைல எண்பதுனு இருக்குது."

"அம்பதும் முப்பதும் எண்பதுதானம்மா. அவசரத்துல தப்பா கூட்டிட்டனு நெனச்சேன்."

அவை எடையல்ல என்றாள். திரவத்தில் இட்டு வேகமாகச் சுழற்றினால் எவ்வளவு விரைவாக அடியில் இறங்கும் என்ற அளவு. இரண்டும் ஒட்டியதும் வடிவம் மாறிவிடும், வேகத்தைக் கூட்ட முடியாது. "ரெண்டு பஸ்ஸ ஒண்ணா கட்டினா ரெட்டை ஸ்பீடுலயா போவும்?"

அவர் தெர்மாகோல் அறுக்கும் கம்பியைச் சூடேற்றினார்.

அன்று பௌர்ணமி. வண்டிகளை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலத்துக்கு ஊருக்குள் வரும் கூட்டத்துக்கு எதிராக, புது எழுபதை மார்போடு அணைத்தபடி வேங்கிக்கால் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு நடந்தார். எழுபதாம் கல்யாணமா என்று ஒருவர் கேட்டதற்கு, ஆமாங்க என்றார்.

தேர்வாளர் வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கவியா மறைத்து நிற்க, கோதண்டராமன் எண்பதைப் பெயர்த்துவிட்டு எழுபதை ஒட்டினார். தேர்வாளரின் முதல் கேள்வியே கூட்டல் ஏன் இடிக்கிறது என்பதுதான். கவியா பஸ் உதாரணத்தைச் சேர்க்காமலே பதில் சொன்னாள். தேறிவிட்டாள்.

மனித உடம்பின் ரைபோசோமுக்கு எண் எண்பதுதான் என்று பல மாதம் கழித்து கோதண்டராமனுக்குத் தெரியவந்தது. அது நாற்பதும் அறுபதும் சேர்ந்தது.