குலுங்காமல் ஐந்து மைல்

லாரியும் பஸ்ஸும் ஓட்டி இடுப்பு கழன்ற அன்பர்களே, உங்கள் வண்டியில் ஏற்றிய மூட்டை பள்ளத்தில் இறங்கும்போது வாய் திறக்காது; ஆம்புலன்ஸில் ஏற்றியது ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு மலைவழியாக நடந்தே ஊர் திரும்பியவன் நான். வயது நாற்பத்தேழு. அங்கே ஒரு மரக் கம்பெனியில் கார் ஓட்டியதும், தமிழோடு இங்கிலீஷும் படித்திருந்ததும் கைகொடுக்க, ஆவடி ராணுவ முகாமில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஆனேன். போர்முனையில் காயம்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவருவார்கள். ஏரியை ஒட்டிச் சமன்செய்த பொட்டலில் அது இறங்கும். அங்கிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி ஆஸ்பத்திரி ஐந்து மைல். அந்த ஐந்து மைலில் நான் பட்ட பாடுதான் இது.

டாக்டர் ஏறிப் படுத்தார்

முதல் நாள். எங்கள் கேப்டன் டாக்டர் ஒரு மலையாளி, ஒல்லியான மனிதர். வண்டியின் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார். வாரைப் போட்டு இறுக்கச் சொன்னார். "எனக்கு முதுகெலும்பு உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓட்டு" என்றார். ஆம்புலன்ஸ் என்றால் வேகம் என்று நினைத்த நான், மணியை அடித்துக்கொண்டு பறந்தேன். மாடுகள் ஒதுங்கின, சைக்கிள்கள் வயலில் இறங்கின. எனக்கே பெருமையாக இருந்தது. ரயில்வே கேட்டில் தண்டவாளம் நாலு விரல் உயரம் துருத்திக்கொண்டிருக்கும். அதையும் அதே வேகத்தில் தாண்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வாரை அவிழ்த்தேன். முதுகெலும்புக் கேஸ் மட்டும் இனி உன் வண்டியில் ஏறாது, நான் சொல்லும்வரை இன்னொரு டிரைவர்தான் எடுப்பார் என்று நிதானமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மலைவழியில் டோலி தூக்கியவர்கள் கால் இடறியதால் மட்டுமே உயிர் போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு முதுகெலும்புக் கேஸையாவது குலுங்காமல் கொண்டுபோகாமல் விடுவதில்லை என்று அங்கேயே மனசுக்குள் முடிவு செய்தேன். டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி, நின்று, இன்னொரு படி இறங்கினார்.

"ஏறும்போது நடிச்சேன். இறங்கும்போது நடிக்கலை."

துண்டு போன வழி

ஸ்ட்ரெச்சர் தூக்க என்னோடு வந்தவர் பூந்தமல்லி ஜப்பார் பாய். தோளில் எப்போதும் ஒரு பூத்துண்டு. முதல் விமானம் இறங்கியதும் நாங்கள் இருவருமே தேர் பார்க்கப் போனவர்கள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றோம். அது நிற்பதற்குள் பாய் ஓடினார். முன்னால் கண்ணாடிக்குள் விமானியின் முகம் தெரிந்ததால் அந்த முகத்தை நோக்கியே ஓடினார். இறக்கையில் மாட்டிய விமான விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால்தானே பயம்? அது சுற்றும்போது அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்.

நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். சட்டை நின்றது, துண்டு நிற்கவில்லை. தோளிலிருந்து கிளம்பி நேராக உள்ளே போய், மறுபக்கம் நூல் நூலாக வந்தது. அன்றைக்கு நாங்களே சட்டம் போட்டுக்கொண்டோம்: விசிறி முழுசாக நிற்கும்வரை நகரக் கூடாது, துண்டு, தொப்பி எல்லாம் வண்டியிலேயே இருக்கவேண்டும், போகும்போது இறக்கைக்குப் பின்னால் சுற்றித்தான் போகவேண்டும். பாய் அந்த நூல்களைக் கையில் திரட்டிக்கொண்டார்.

"மாமியார் ஊட்ல பெருநாளுக்குக் குடுத்த துண்டு, ரங்கூனாரே. நல்லவேளை தோள்ல போட்டிருந்தேன். கழுத்துல கட்டியிருந்தா துண்டு கூடவே நானும் போயிருப்பேன்."

வா என்றால் போ

அடுத்த வாரம் இறங்கிய விமானத்தின் விமானி புதியவர், வெள்ளைக்காரர். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தரையில் உருண்டு வந்தார். நான் எதிரில் நின்று, கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, நாலு விரலையும் ஆட்டி வா வா என்றேன். நாம் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுவோம்? விமானம் நின்றது. திரும்பியது. வந்த வழியே பொட்டலின் மறுகோடிக்குப் போயிற்று. நான் இன்னும் பலமாக ஆட்டினேன். அது இன்னும் வேகமாகப் போயிற்று.

ஆம்புலன்ஸைக் கிளப்பி, மணி அடித்துக்கொண்டு ஒரு விமானத்தைத் துரத்தியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விமானத்துக்குள்ளே ஆறு நோயாளிகள். ஒருவழியாக நின்ற பிறகுதான் புரிந்தது, அவர்கள் ஊரில் உள்ளங்கை மேலே பார்த்தால்தான் வா, கீழே பார்த்தால் தூரப் போ. விமானி இறங்கி வந்து இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"காக்காயை விரட்டற மாதிரி விரட்டிட்டு, அப்புறம் எதுக்கு ஐயா பின்னாலேயே ஓடி வர்றே?"

குனிந்து போகிற வண்டி

கை ஒடிந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். பர்மாக் காட்டில் அவனுடைய கூட்டாளியைத் தூக்க ஒரு புதுமாதிரி விமானம் வந்ததாம். ஓடுவதற்குத் தரை வேண்டாமாம். தலைமேல் விசிறி சுற்ற, வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, மரங்களுக்கு நடுவே ஒரு களத்து அளவு இடத்தில் உட்கார்ந்ததாம். ஹெலிகாப்டர் என்று பெயராம். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஐந்து மைலும் வேண்டாம், ரயில்வே கேட்டும் வேண்டாம், ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடலாமே.

பின்னால் உட்கார்ந்திருந்த பாய்க்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அதன் பக்கத்தில் எப்படிப் போவது? சிப்பாயிடம் கேட்டேன். முன்பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி, இடுப்பை வளைத்து நன்றாகக் குனிந்து போகவேண்டும். நிமிர்ந்தால் தலை இருக்காது என்றான். பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ கவர்னரா இருந்தாலும் குனிஞ்சி சலாம் போட்டுகினுதான் போவணும். நல்ல வண்டிதான், ரங்கூனாரே."

கேட்டில் பத்து நிமிஷம்

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, இன்னொரு டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். விமானத்தில் வந்ததோ முதுகெலும்புக் கேஸ். பக்கத்து ஊரான அயனம்பாக்கத்து ஆள், சிக்னல் படையில் ஹவில்தார். டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "இவன் கால் கட்டைவிரல் இப்போ ஆடுது. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடற வரைக்கும் ஆடினா நடப்பான். வழியில ஒரு குலுக்கு குலுக்கினே, அவ்வளவுதான்" என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார். ஹவில்தாருக்கு ஊசி மயக்கம். கண் மட்டும் அரைகுறையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மணி அடிக்கவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்தேன். பாய் வண்டிக்கு முன்னால் நடந்து பள்ளம் காட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேட்டை நெருங்கும்போது ஒரு வைக்கோல் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, உன் வண்டிக்கே உடம்பு சரியில்லியா? என் மாட்டைக் கட்டி இஸ்துகினு போவட்டா?" என்றான்.

"மாட்டை நீயே வெச்சிக்க மாமே. வைக்கோலைக் குடு" என்றார் பாய்.

பாய் விஷயத்தைக் காதோடு சொன்னதும் அவன் வைக்கோல்மேல் தாவி ஏறினான். இரண்டு பேரும் கட்டுக்கட்டாக இறக்கித் தண்டவாளத்துக்கு இருபுறமும் திணித்து மிதித்தார்கள். மேலே சாக்கை விரித்தார்கள். கேட்காரர் கையில் பச்சைக்கொடியோடு ஓடி வந்தார். "பத்து நிமிஷத்துல பாசஞ்சர் வருது. அது பின்னாலேயே ரெண்டு மிலிட்டரி ஸ்பெஷல். சாத்தினா ஒரு மணி நேரம் தொறக்கமாட்டேன். லைன் மேல ஒரு துரும்பு கிடந்தாலும் என் உத்தியோகம் போயிடும்" என்றார். மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது, ஒரு மணி நேரம் காத்திருந்தால் வலியில் ஹவில்தார் நெளிவார். டாக்டர் கண்ணாடி வழியாகப் போ என்று தலையசைத்தார்.

முன்சக்கரம் சாக்கில் ஏறியது. கிளட்சைப் பாதி விட்டபடி, இஞ்சின் அணையாமல் விரல் விரலாக நகர்த்தினேன். முதல் தண்டவாளம். இரண்டாவது. வைக்கோல் நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று, நான்கு. பின்சக்கரமும் மண்ணில் இறங்கியதும் வண்டியை நிறுத்தினேன். பின்னால் பாயும் வண்டிக்காரனும், கேட்டில் நின்ற நாலைந்து பேரும் வைக்கோலை அள்ளி எறிந்தார்கள். கேட்காரர் விட்டுப்போன துரும்பைக் குனிந்து பொறுக்கினார். கேட்டு விழுந்தது. பாசஞ்சர் எங்கள் முதுகுக்குப் பின்னால் தடதடவென்று போனது.

டாக்டர் போர்வையை விலக்கி, கட்டைவிரலை ஆட்டச் சொன்னார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. "ஆடுது" என்றார். அந்த ரயில் சத்தத்தில் ஹவில்தார் கண்ணை நன்றாகவே திறந்துவிட்டார்.

"ரயில் போயிடுச்சா அண்ணாத்தே? இனிமே கேட்டைத் தொறப்பான். தாண்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு, பல்லைக் கடிச்சிக்கிறேன்."

நல்ல ஆம்புலன்ஸ் டிரைவர் என்று பெயர் வாங்க ஆசைப்படும் அன்பர்களே, இந்தத் தொழிலில் கிடைக்கும் மிகப் பெரிய மெடல், இன்னும் கிளம்பவே இல்லையா என்று நோயாளி கேட்பதுதான்.