மஞ்சள் பூசிய நெல்

பழைய தகரப் பெட்டியின் அடியில் அந்தச் சீலைத்துண்டு முடிச்சுப் போட்டுக் கிடந்தது. எண்ணெய் ஊறிக் கறுத்து, காய்ந்து, தோல் போல விறைத்திருந்தது. மாரிக்கு முன்னர் பின்வளவுக் கொட்டிலைப் பிரித்துவிடலாம் என்று சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ பழைய ஆணிகள் என்று நினைத்துத்தான் அவிழ்த்தேன். உள்ளே உள்ளங்கை அளவுகூட இல்லாத ஓர் அலுமினியச் சக்கரம். பூவிதழ் போல வளைந்த தகடுகள். அவற்றில் மூன்றின் விளிம்பு எலி கொறித்தது போலச் சிதைந்திருந்தது. பக்கத்தில் ஐந்தாறு நெல்மணிகள் சீலையோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றை நகத்தால் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே மஞ்சள். பதினொரு வருடமாக இந்த வீடு ஒரு மனிதரைக் குற்றவாளியாக வைத்திருக்கிறது. அந்த நெல்லை மஞ்சளில் பிசைந்தது என் கை.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், பூட்டிய சக்கரம் அது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது வழக்கம். வவுணதீவில் எங்கள் வளவுக்கு அவர் அப்படி வந்தவர்தான். வந்த மறுவருடமே வளைகுடாவுக்குப் போய், கார்களுக்கு வேகம் கூட்டிக் கொடுக்கும் ஒரு கராஜில் ஏழு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பினார். பெட்டியைத் திறந்தபோது, கம்பளிப் போர்வைக்குள் கைக்குழந்தையைச் சுற்றியது போல ஓர் இரும்புச் சாமான் இருந்தது. நத்தை ஓட்டைப்போலச் சுருண்டது. அதற்குப் பெயர் டர்போ என்றார். “ஏழு வருசம் வெயில்ல காஞ்சு, மருமகன் நத்தையொண்டு புடிச்சிட்டு வந்திரிக்கார்” என்று அம்மா சிரித்தாள். “இல்ல மாமி, சைலன்சரால சும்மா போற புகையிட வேகத்தில இது சுத்தும். சுத்தி, எஞ்சினுக்குக் காத்தை அள்ளித் திணிக்கும். வீணாப் போற மூச்சைப் புடிச்சு வேலை வாங்கிறதுதான்” என்று அவர் விளக்கினார். “அப்ப உங்கட மாமாட குறட்டைக்கும் ஒண்டைப் பூட்டுங்க மகன், வயலுக்குத் தண்ணி இறைக்கலாம்” என்றாள் அம்மா. இந்த வீட்டில் வாய்க்குப் பஞ்சமில்லை. எனக்கும் அந்த வாய்தான் சீதனம்.

வீட்டில் ஒரு சின்னக் கார் நின்றது. மூன்று சிலிண்டர், பின்கதவு மேலே தூக்கித் திறக்கும். நாலு பேர் ஏறினால் பாலத்து ஏற்றத்தில் முனகும். அதற்குள்தான் டர்போவைப் பூட்டப்போவதாகச் சொன்னார். நாலு மாதம் அந்தக் கொட்டிலே அவருக்கு உலகமாயிற்று. தடித்த குழாய்களைத் துண்டு துண்டாக அரிந்து, பற்றவைத்து, வளைவு எடுத்தார். பொருந்தாவிட்டால் கோபப்படாமல் வெட்டி மறுபடி தொடங்குவார். ஒரு குழாயைக் கழற்றினால் அடுத்த வேலை அதன் வாயைச் சீலைத்துண்டால் அடைப்பது. “திறந்த வாய்க்கு ஈ, திறந்த குழாய்க்கு எமன்” என்பார். டர்போவுக்குள் இருக்கும் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் தரத்துக்கு மேல் சுற்றுமாம். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கல்லும் துப்பாக்கிச் சன்னம்தானாம். சொல் அழகாக இருந்ததால் நான் மனப்பாடம் செய்தேன். பொருளை மனதில் வாங்கவில்லை.

அந்தக் கார் ஓடினால் அத்தான் இங்கேயே இருப்பார். ஓடாவிட்டால் மறுபடி பாலைவனம். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏறாவூரில் ஏழெட்டு வேன்கள் வைத்திருந்த ஒரு வியாபாரி, “ஓடிக் காட்டுங்க தம்பி. என்ட வாகனமெல்லாம் உங்கட கைக்குத்தான் வரும், றோட்டோரத்தில கொட்டிலும் நான் போட்டுத் தாறன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அந்த வாக்கைத் தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஓட்டிப் பார்க்கும் நாள் காலையில் பூசை வைத்தோம். நிறைகுடம், கற்பூரம், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய். எங்கள் வயல் வட்டையில் அந்தப் போகம் முதலில் அறுத்த நெல்லை மஞ்சளில் பிசைந்து, வீட்டுக்கு வரும் எந்தப் புதுச் சாமானுக்கும் தூவுவோம். உழவு மெசினுக்கும் தூவினோம், தையல் மெசினுக்கும் தூவினோம். அத்தான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். தட்டோடு நான் காரண்டை போனேன். பொனட் திறந்திருந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்த அத்தனைக்கும் நடுவே, ஒரு குழாயின் வாயில் எண்ணெய்ச் சீலை. மணப்பெண்ணின் வாயில் கரித்துணி வைத்தது போல எனக்குப் பட்டது. இழுத்தெடுத்து ஓரத்தில் போட்டேன். குழாயின் விளிம்பில் சந்தனப் பொட்டு வைத்தேன். கைநிறைய நெல்லை அள்ளி, நல்லா இருக்க வேணும் என்று மனதாரச் சொல்லித் தூவினேன்.

ஈரத் தலையோடு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, “மச்சாள், இதில வெச்ச சீலை எங்க?” என்றார்.

“நான்தான் எடுத்தன் அத்தான். நல்ல காரியத்தில அழுக்குச் சீலையா?”

அவர் முகம் ஒருகணம் மாறியது. குழாய்க்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தார். அதற்குள் அம்மா, “நேரம் போகுது மகன்! ராகு காலம் வரப்போகுது, ஏறுங்க!” என்று சத்தம் போட்டாள். வந்த வீட்டில் மாமியாரின் சொல்லைத் தட்டாத மனிதர். காற்று வடிகட்டியை அந்த வாயில் மாட்டி இறுக்கிவிட்டுக் காரை எடுத்தார்.

முன்னால் வியாபாரி, பின்னால் அக்காவும் நானும். மெதுவாகப் போனபோது வழமையான அதே கார்தான். வலையிறவுப் பாலத்துக்கு முன்னுள்ள நேர் றோட்டில் அத்தான் காலை அழுத்தினார். எங்கோ ஒரு விசில் எழுந்தது. முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. “மாஷா அல்லாஹ்!” என்றார் வியாபாரி. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த மூச்சில் விசில் கீச்சிட்டது, தகரத்தைத் தகரத்தால் அறுப்பது போல. திரும்பிப் பார்த்தால் பின்னால் றோட்டே தெரியவில்லை, அவ்வளவு வெள்ளைப் புகை. பாலத்தின் நடுவில் கார் நின்றது. வாவியில் வலை இழுத்தவர்கள் தோணியில் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அத்தான் பொனட்டைத் திறந்து, சூடு ஆறப் பொறுக்காமல் குழாயைக் கழற்றினார். உள்ளே கைவிட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு பொத்திய கையைச் சட்டைப்பைக்குள் விட்டு எடுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, “என்ட பிழைதான். எண்ணெய்க் குழாயைச் சரியா இறுக்கல்ல” என்றார். வியாபாரி அவர் தோளைத் தட்டி, “ஆண்டவன் வேறொரு வழி வெச்சிருப்பான் தம்பி” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். திரும்பி வரவில்லை.

உழவு மெசின் காரைக் கட்டி இழுத்து வந்தது. ஓட்டிவந்தவன் படலையில் நின்று, “புகை மாப்பிள்ளையைக் கொண்டு வந்திரிக்கன், இறக்குங்க கா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயரை ஊரெங்கும் கொண்டுபோனது யார்? நான். சொல் என்றால் எனக்குச் சீனிப்பாகு. கலியாண வீடுகளில் அடுப்படியில் இருந்துகொண்டு, புகையையும் விசிலையும் நடித்துக் காட்டி, பெண்களை வயிறு நோகச் சிரிக்கவைத்தேன். அத்தான் பந்தியில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்திருக்கிறார். மூன்று மாதத்தில் விமானம் ஏறினார். லீவில் வருவார், போவார். அக்கா இன்றைக்கும் அந்தப் பாலத்தைக் கடக்கையில் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்கிறாள்.

கொட்டிலில் இருந்தபடியே அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே வேலை நேரம். இரும்பு அரியும் சத்தம் கேட்டது. “அத்தான், சீலைப் பொட்டலம் ஒண்டு எடுத்தன்” என்றேன். சத்தத்தைவிட்டு வெளியே நடந்து வந்தார் போல, இரும்புச் சத்தம் அடங்கியது.

“அதை ஏன் மச்சாள் இப்ப கிளறுறீங்க?”

“ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க அந்த வீட்டில எப்பிடி இருப்பீங்க? உங்கட அக்கா உங்கட மூஞ்சில முழிப்பாவா? நான் வெளியால இருந்து வந்தவன். திரும்ப வெளியால போகலாம். நீங்க எங்க போவீங்க?” பிறகு, வழக்கமான கேலிக் குரலில், “நானும்தான் பாக்காமப் பூட்டினன். அக்காட்ட சொல்லிராதீங்க” என்றார்.

போனை வைத்த பிறகும் காது கொதித்தது. சக்கரத்தை உள்ளங்கையில் வைத்திருந்தேன். ஒரு கோழிக்குஞ்சின் பாரம்கூட இல்லை. நெல்மணிகளைப் பொறுக்கி அதன் பக்கத்தில் வைத்து முடிச்சுப் போட்டபோதுதான் சீலையைக் கவனித்தேன். என் பழைய பாவாடைக் கரையிலிருந்து கிழித்தது. அன்று குழாய் வாயிலிருந்து நான் இழுத்தெறிந்த அதே துண்டு.

“என்னடி அது, கைக்குள்ள?” அக்கா குசினி வாசலில் நின்றாள், கையில் அகப்பையோடு. கிட்டப் போய், அவள் முன்னால் முடிச்சை அவிழ்த்தேன்.