அக்குறணைக்கு ஸ்பீக்கர் மாற்றப் போன கதை

வெள்ளிக்கிழமை காலை 5.40க்கு வவுனியாவில் எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டினோம். போக வேண்டிய இடம் அக்குறணை. ஏ-9 வீதியில் ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: எங்கள் மோட்டார்சைக்கிளுக்குப் பெரிய ஸ்பீக்கரும் அம்ப்ளிபயரும் பூட்ட வேண்டுமாம்.

மோட்டார்சைக்கிள் என்றால் சந்தைக்குப் போகிற சாமான் இல்லை. ஜப்பானில் செய்த பழைய டூரிங் வண்டி, முன்னூற்றைம்பது கிலோ. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரு பக்கமும் பெட்டிகள், பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம் வைத்த இருக்கை. என் கணவர் பாலா ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. வாங்கியபோது நான் ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. இப்போது அந்தப் பின் இருக்கையை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். வீட்டில் நாங்கள் எலியும் பூனையும். இந்த வண்டியில் ஏறிவிட்டால் மட்டும் நல்ல தம்பதி.

மூன்று வருடத்தில் ஸ்பீக்கர் மாற்றுவது இது நான்காவது தடவை. ஓடும்போது பாட்டு விளங்கவில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்பார். பின்னால் இருக்கும் எனக்குப் பாட்டு நன்றாகவே விளங்கும். லொறியின் ஹோர்னும் கேட்கும். போன மாதம் மதவாச்சிக்குக் கிட்ட ஒரு லொறி மூன்று தரம் ஹோர்ன் அடித்தும் இவர் ஒதுங்கவில்லை. நான் முதுகில் குத்திய பிறகுதான் ஒதுங்கினார். லொறி என் முழங்காலைத் தொடாத குறையாகப் போயிற்று. "பாட்டுச் சத்தத்தில கேக்கேல்லை" என்றார். பாட்டே ஓடவில்லை.

காது மந்தம் என்று சொன்னால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் இவ்வளவுதான் சொன்னேன்: "இஞ்சேருங்கோ, இந்த முறை பூட்டின பிறகும் லொறிச் சத்தம் கேக்காட்டி, நான் இனி உங்களோட ஏறமாட்டன்."

"ஓம், ஓம்" என்றார். கேட்டுத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. காதில் விழாத எல்லாவற்றுக்கும் அவருடைய பதில் அந்த இரட்டை ஓம்தான்.

8.15. தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. தமிழ் தெரிந்த பரிமாறுபவர் இவரிடம், "சீனி போட்டதா, போடாததா?" என்று கேட்டார். இவர் "ஓம், ஓம்" என்றார். நீரிழிவுக்காரருக்கு முன்னால் பாதிக் கோப்பை சீனியோடு தேத்தண்ணி வந்தது. என் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பாயசத்தை நான் குடித்தேன். இரண்டு பால் தேத்தண்ணி இருநூற்று நாற்பது ரூபாய்.

நாலந்தைக்குப் பிறகு வீதி ஏறத் தொடங்கும். வெயிலின் சூடு குறைந்து, வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடியும் கொக்கோவும் தென்படும். மாத்தளையைத் தாண்டும்போது மணி 10.25. அலவத்துகொடவில் ஒரு கடையில் தண்ணீர் வாங்கி, அக்குறணையில் ஸ்பீக்கர் பூட்டும் நஸாரின் கடைக்கு வழி கேட்டோம்.

"நஸார் நானாட கடையா? ஆறு கிலோமீட்டர் போங்க. புடவக் கடக்கிப் பொறத்தால ஈக்கி" என்றார் கடைக்காரர். அந்தப் பக்கத்துப் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி', அண்ணன் 'நானா'. "இன்னக்கி ஜும்மா. பன்னெண்டுக்கு முந்திப் போயிருங்க."

11.15. அக்குறணைக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் வண்டி நடை வேகத்துக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் பஸ், முச்சக்கரவண்டி, சாமான் இறக்கும் லொறி. எல்லோரும் ஹோர்ன் அடிக்கிறார்கள், ஒருவரும் கோபப்படவில்லை. நஸாரின் கடையில் என் இடுப்புயரத்துக்குக் கீழே சாமான் வைக்க ஒரு தட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஓயா பெருகினா இது வரைக்கும் தண்ணி வரும் அக்கா" என்று, பக்கத்து ஆற்றைச் சொல்லி, சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார் நஸார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. பஸ்களுக்குப் பாட்டு செட் பூட்டுவதுதான் முக்கியத் தொழில். டூரிங் வண்டிக்காரர்களும் கொழும்பிலிருந்து தேடி வருகிறார்கள்.

என் கணவர் எண்பத்தையாயிரம் ரூபாய் அம்ப்ளிபயர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். நஸார் அதை எடுக்கவில்லை. எங்கள் வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றி, பழைய ஸ்பீக்கர் இரண்டையும் வெளியே எடுத்து மேசையில் வைத்துச் சோதித்தார்.

"அண்ணே, இதுல ஒரு கொறையும் இல்ல. நல்லா ஈக்கி."

"பின்ன ஏன் விளங்குதில்லை?"

நஸார் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்பீக்கரோடு இணைத்தார். அதில் ஒரு திருகு. திருகத் திருகச் சத்தம் கீச்சென்று உயர்ந்துகொண்டே போகும். "கேக்கிற வரைக்கும் கையத் தூக்கிக்கொண்டு இரிங்க" என்றார். இவர் கையைத் தூக்கினார். பாதித் திருகிலேயே கை இறங்கிவிட்டது. எனக்கோ அது இன்னும் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. நஸார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இந்தத் தெருச் சத்தத்தில எப்பிடிக் கேக்கிறது?" என்று இவர் பாய்ந்தார்.

"சரிதான் அண்ணே" என்றார் நஸார். "நான் தொழப் பள்ளிக்குப் போய்ட்டு வாறன். ஒண்டரைக்கு வந்து பாப்பம். கடையப் பாத்துக்கொள்ளுங்க." முன்பின் தெரியாத எங்களைக் கடைக்குள் விட்டு, சுருள் கதவை அரைவாசி கீழே இழுத்துவிட்டுப் போனார்.

12.20. அக்குறணைக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முன் காது கிழிந்த தெருவில் ஒரு மனிதரும் இல்லை. கடைகளெல்லாம் மூடி, ஆண்களெல்லாம் பள்ளிவாசலில். எப்போதாவது ஒரு வாகனம் போகும், பிறகு ஒன்றுமில்லை. கால் நீட்ட நான் ஓயாப் பக்கம் நடந்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் கடைத்தெருவுக்கே கேட்டது.

திரும்பி வந்தபோது அரைக் கதவுக்குக் கீழே இவருடைய கால்கள் தெரிந்தன. குனிந்து பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் கதிரையில் தனியே இருந்தார். ஒரு கையால் திருகினார். மறு கையைப் பள்ளிக்கூடப் பிள்ளை போல உயர்த்தியிருந்தார். பாதியில் கை இறங்கியது. மறுபடி தொடக்கத்துக்குத் திருகி, மறுபடி கையை உயர்த்தினார். அதே இடத்தில் இறங்கியது. எத்தனை தரம் செய்தாரோ தெரியாது, நான் பார்த்தது நான்கு தரம். சாட்டுச் சொல்ல ஒரு லொறிகூட அந்த நேரம் வரவில்லை. மூன்று வருடமாக இந்த மனிதரைச் செவிடு என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன், பயந்துபோயிருப்பார் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தேன். திரும்பாமலே கேட்டார்: "இப்ப உனக்குக் கேக்குதோ?"

"ஓம்."

இன்னும் திருகினார். "இப்ப?"

"ஓமப்பா."

"எனக்குக் கேக்கேல்லை" என்றார். திருகிலிருந்து கையை எடுத்து, "அண்டைக்கு அந்த லொறியும் கேக்கேல்லை" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைத்தெருவில் கை பிடிப்பது எங்கள் வழக்கமில்லை, தெருவில்தான் ஒருவரும் இல்லையே.

1.35. நஸார் வந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் திருப்பிக் காட்டினார். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி. மற்றக் காதிலும் ஒன்று.

"இருவது வருசம் பஸ்ஸுக்கு செட் பூட்டின கூலி இது. எனக்கும் இப்பிடித்தான் ஈந்திச்சி. ஊட்டுல எல்லாரும் மெதுவாப் பேசுறாங்க எண்டு சண்ட புடிச்சேன்." என் கணவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். நஸார் தொடர்ந்தார்: "பெரிய அம்ப் வித்தா எனக்கு லாபம்தான் அண்ணே. ஆனா இந்த வண்டிட பெட்டரி தாங்காது. மிச்சம் ஈக்கிற காதும் போயிரும்."

"பின்ன என்ன செய்வம்?"

"முன்னுக்குச் சத்தத்தக் கொறைப்போம். அக்காட முதுகுப் பக்கம் சின்னதா ரெண்டு ஸ்பீக்கர் வைப்போம். பாட்டு அக்காக்கு. ரோட்டுக்கும் அக்காட காதுதான், நீங்க இத மாதிரி மெசின் எடுக்கிற வரைக்கும்."

பூட்டி முடிய மூன்றரை மணித்தியாலம். ஸ்பீக்கர் சோடி பதினெட்டாயிரத்து ஐந்நூறு, சின்ன அம்ப்ளிபயர் முப்பத்திரண்டாயிரம், கூலி ஆறாயிரம். சத்தத்தைச் சரிபார்க்க நஸார் பின் இருக்கையில் என்னைத்தான் ஏற்றினார். நான்கு தடவை ஸ்பீக்கர் மாற்றியதில் என்னிடம் ஒருவர் கேட்டது அன்றுதான்.

வழியெல்லாம் மழை. அன்றைக்குத் தங்கியது கண்டி நகரத்துக்கு மேலே, ஹந்தானையில், ஆசிரியப் பயிற்சியில் என்னோடு படித்த ஸ்டெல்லா வீட்டில். "வாங்க வாங்க, தொப்பலா நனைஞ்சிட்டீங்களே" என்று துவாயோடு ஓடிவந்தாள். நான் வாயைத் திறக்குமுன் இவரே சொன்னார், தனக்குக் காது கேட்பது குறைவு, கொஞ்சம் உரத்துப் பேசச் சொல்லி. ஸ்டெல்லா அடுப்படியில் என் காதைக் கடித்தாள்: "ஒங்க வீட்டுக்காரர் இவ்ளோ பேசுவாரா? போன தடவ ஓம் ஓம்னுதானே சொன்னாரு."

சனி, காலை 6.45. மழை விட்டிருந்தது. தேயிலைக்குள் பனி கிடந்தது. கீழே தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் யாரோ குழாயில் வாளி நிரப்பினார்கள். இறக்கத்தில் புது ஏற்பாட்டைப் பழகினோம். பின்னால் வாகனம் வந்தால் இடது தோளில் ஒரு தட்டு, நிறுத்த வேண்டுமானால் இரண்டு. வளைவில் தோட்டத்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. தட்டினேன். உடனே ஒதுங்கினார். லொறிக்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

9.00. ஸ்டெல்லா சொன்ன இடத்தில், கண்டியில், காதுப் பரிசோதனை. உயர்ந்த சுருதிச் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன, கருவி போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம், செய்து வர மூன்று கிழமை என்றார்கள். இவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

12.10. வீட்டுக்குப் புறப்பட்டோம். வவுனியாவில் எங்கள் ஒழுங்கை அமைதியானது. அங்கே காதில் விழாததை மறைத்துக்கொண்டு எத்தனை வருடமும் இருந்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கட்டுகஸ்தோட்டையில் நெரிசல். அக்குறணைக்கு வரும்போது தெரு மறுபடி பழைய கோலம். நஸார் கடை வாசலில் நின்று எங்களைக் கண்டதும் கையை ஆட்டி ஏதோ உரத்துச் சொன்னார். இவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பழைய பழக்கம் போகாது என்று நினைத்தேன். நூறு மீட்டர் தாண்டி வண்டியை ஓரம்கட்டினார்.

"நஸார் என்ன சொன்னவர்?"

"எனக்கும் கேக்கேல்லையப்பா. குறுக்கால ஒரு பஸ் போனது."

என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப வா, போய்க் கேப்பம்" என்று சொல்லி, அந்தத் தெரு முழுவதும் ஹோர்ன் அடிக்க, முன்னூற்றைம்பது கிலோ வண்டியைத் திருப்பினார்.